இதர செலவில் 64 மரங்கள்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கணக்கை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். செக்யூரிட்டி சம்பளம், லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல், தண்ணீர் லாரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். மரத்துக்கு இருக்காது. தென்னை ஏறியவர் வாங்கிய கூலியும், முறிந்த கிளையை அள்ளிப்போன வண்டியின் வாடகையும் கடைசியில் ‘இதர செலவு’ என்ற வரிக்குள் ஒளிந்திருக்கும். ஆயுத பூஜைப் பொரிகடலையும் அதே வரியில்தான்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசியது. ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. மரத்துக்கான பணம் எப்படியும் செலவாகத்தான் போகிறது என்பதை அந்த ஒரே நாள் காட்டிவிட்டது. மாதா மாதம் கொஞ்சமாகவா, ஒரு டிசம்பரில் மொத்தமாகவா என்பது மட்டும்தான் சங்கத்தின் கையில் இருக்கிறது.

கணக்கு விளங்குவதற்காக ஒரு குடியிருப்பைக் கற்பனை செய்துகொள்வோம். கீழே வரும் கூலியும் வாடகையும் நான் வைத்துக்கொண்ட மாதிரி விகிதங்கள். உங்கள் பகுதி விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். பெருக்கும் முறை மாறாது.

1. தலை எண்ணுதல்

சென்னையின் தென்புறத்தில் 30 கிரவுண்டு நிலம், அதாவது 72,000 சதுர அடி. 96 வீடுகள். கட்டி 15 ஆண்டுகள். மாதப் பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்கு 3,500 ரூபாய். ஆண்டு வரவு 40,32,000 ரூபாய். பொது இடத்தில் நிற்கும் மரங்கள்:

நெட்டிலிங்கம் – 15
தென்னை – 14
புங்கன் – 12
வேம்பு – 9
பெருங்கொன்றை – 4
பாதாம் – 3
மா – 3
தூங்குமூஞ்சி – 2
மந்தாரை, பவழமல்லி – 2
மொத்தம் – 64

எவ்வளவு பணம் ஒதுக்கலாம் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் கணக்கு தப்பும். மரம் எத்தனை, அதற்கு என்ன வேலை, அந்த வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று போய், பணம் கடைசியில் வர வேண்டும்.

எண்ணுவதற்குத் தையல்காரர் டேப் ஒன்று போதும். தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி அளக்க வேண்டும். வந்த அளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். சுற்றளவு 157 செ.மீ. என்றால் விட்டம் 50 செ.மீ. ஒரு மரத்துக்கு 10 நிமிடம் வைத்தால் 64 மரத்துக்கு 640 நிமிடம், அதாவது 10 மணி 40 நிமிடம். இரண்டிரண்டு பேராக இரண்டு அணி சேர்ந்தால் இரண்டு ஞாயிறு காலையில் முடிந்துவிடும்.

நோட்டில் எண், வகை, சுற்றளவு, உயரம், குறை, கீழே என்ன இருக்கிறது என்று ஆறு கட்டங்கள் போடுங்கள். ஆறாவதுதான் முக்கியம். உளுத்த கிளை ஆளில்லாத புல்தரைக்கு மேல் இருந்தால் அது வேறு விஷயம். குழந்தைகளின் ஊஞ்சலுக்கு மேலோ, கார் நிறுத்தத்துக்கு மேலோ, டிரான்ஸ்ஃபார்மர் பக்கமோ இருந்தால் வேறு. அடிமரத்தில் காளான், பொந்து, இரண்டு கிளைகள் குறுகலாகப் பிரியும் கவையில் வெடிப்பு, ஒருபக்க மண் தூக்கியிருப்பது, அண்மையில் ஏற்பட்ட சாய்வு ஆகியவற்றைக் குறை என்ற கட்டத்தில் எழுத வேண்டும். பல ஆண்டாக ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் மரத்தைவிடப் போன மழைக்குப் பிறகு சாயத் தொடங்கிய மரம்தான் ஆபத்து.

நம் மாதிரிக் குடியிருப்பில் இப்படிப் பார்த்து, ஆபத்தின் அளவுப்படி சிவப்பு 6, மஞ்சள் 18, பச்சை 40 என்று பிரிக்கிறோம். சிவப்பில் பெருங்கொன்றை 3, தூங்குமூஞ்சி 2, டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிய வேம்பு 1.

2. ஒரு கிளையின் எடை

பொதுக்குழுவில் யாராவது ஒருவர் கேட்பார்: “கிளைதானே சார், நம்ம வாட்ச்மேன்கிட்ட அரிவாளைக் கொடுத்தா வெட்டிடுவாரே?”

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 செ.மீ. விட்டம், 4 மீட்டர் நீளமுள்ள கிளை. கன அளவு 0.1 × 0.1 × 3.14 × 4 = 0.1256 கன மீட்டர். ஈரம் காயாத பச்சை மரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் என்று கொண்டால், அந்தக் கிளை மட்டும் 125 கிலோ. இலையும் சிம்பும் தனி. இரண்டு ஆள் எடை தலைக்கு மேல் தொங்குகிறது.

அதை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், பாதி வெட்டிலேயே கிளை தன் பாரத்தால் முறிந்து, அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கும். தெரிந்தவர் மூன்று வெட்டில் முடிப்பார். முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழம். இரண்டாவது, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கீழாக. இப்போது கிளை பட்டையை இழுக்காமல் கயிற்றில் இறங்கும். மூன்றாவது, மிச்சமிருக்கும் கட்டையை, கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்துக்கு வெளியே ஒட்டி வெட்டுவது. அந்த வளையத்திலிருந்துதான் காயம் மூடத் தொடங்கும். தாரோ பெயின்டோ பூச வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கு: 15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் தரையைத் தொடும்போது வினாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் இருக்கும், அதாவது மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மட்டையோடு ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள காய் அது. தென்னைக்குக் கீழே பெஞ்ச் போட்டிருக்கும் குடியிருப்புகள் இந்த எண்ணை ஒருமுறை படித்துவிட்டு பெஞ்சை நகர்த்திவிடலாம். அந்த வேலைக்குச் செலவு பூஜ்யம்.

3. தென்னை வரி

தென்னைக்கு மட்டும் துல்லியமாகப் பட்ஜெட் போடலாம், ஏனென்றால் அது நேரம் தவறாத மரம். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டையை உதிர்க்கும். 14 மரத்துக்கு ஆண்டுக்கு 168 மட்டைகள். 45 நாளுக்கு ஒருமுறை காய் வெட்டினால் ஆண்டுக்கு 8 முறை. 14 மரத்துக்கு 112 ஏற்றம். ஏற்றத்துக்கு 150 ரூபாய் வைத்தால் 16,800 ரூபாய்.

ஏறுபவர் காயை மட்டும் வெட்டிவிட்டு இறங்கினால் பாதிக் கூலி வீண். காய்ந்த மட்டை, பன்னாடை, பழம்பாளை எல்லாவற்றையும் எடுத்து, குருத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும். விரிந்த ஓலை கத்தரியால் விசிறி மாதிரி வெட்டியதுபோல் இருந்தால் காண்டாமிருக வண்டு வந்துபோயிருக்கிறது.

உரத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இருக்கிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழுஉரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. ஜூன்–ஜூலையில் பாதி, டிசம்பர்–ஜனவரியில் பாதி. 14 மரத்துக்குத் தொழுஉரம் 700 கிலோ, யூரியா 18.2 கிலோ, மற்ற இரண்டும் 28 கிலோ வீதம். 7,000 ரூபாய் ஒதுக்குகிறோம்.

வரவும் உண்டு. மரத்துக்கு 60 காய் என்று அடக்கமாக வைத்தாலும் 840 காய். வீட்டுக்கு எட்டே முக்கால். இதைப் பங்கு போடுவதில் வரும் சண்டை மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்காது. மொத்தமாக ஏறுபவருக்கே விற்று, அந்தத் தொகையைக் கூலியில் கழித்துக்கொள்வது நிம்மதி.

4. கவாத்து வரி

படர்ந்து வளரும் மரங்கள் 33. எல்லாவற்றையும் ஆண்டுதோறும் வெட்ட வேண்டியதில்லை. மூன்றாண்டுச் சுழற்சியில் ஆண்டுக்கு 11. நாளுக்கு 2 மரம் என்றால் 6 நாள் வேலை.

ஒரு நாள் செலவு:
ஏறி வெட்டுபவர் – ₹1,800
கயிறு பிடிப்பவர் – ₹1,200
கீழே அள்ளுபவர் இருவர் – ₹1,800
இயந்திர ரம்பம், எரிபொருள் – ₹1,200
வண்டி 2 நடை – ₹3,000
மொத்தம் – ₹9,000

6 நாளுக்கு 54,000 ரூபாய். இதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 18,000 ரூபாய், வெட்டியதை வெளியேற்ற மட்டும் போகிறது. முக்கால் டன் ஏற்றும் சின்ன வண்டியில் கிளைகள் எடையால் நிறைவதில்லை, இடத்தால் நிறைகின்றன. பாதி வண்டி வெறும் காற்று. கிளைகளை அங்கேயே சிறு துண்டாக்கி, மரத்தடியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் (அடிமரத்தைத் தொடாமல்) நடையும் குறையும், மண்ணின் ஈரமும் நிற்கும். இலைதழைகளைக் கொளுத்துவதோ வெளியே கொட்டுவதோ திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி தவறு. தோட்டக் கழிவை வளாகத்துக்குள் தனியே சேர்த்து வைத்து, உள்ளாட்சி சொல்லும் முறையில்தான் அகற்ற வேண்டும்.

நெட்டிலிங்கமும் சிறு மரங்களும் ஒரு நாள் வேலை. ஒரு நடை வண்டியோடு 7,500 ரூபாய்.

ஒப்பந்ததாரர் ஒருவர் வந்து, “மேலே மொட்டை அடிச்சுவிட்டா மூணு வருஷத்துக்குக் கவலையில்லை, ரேட்டும் கம்மி” என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓர் ஆண்டில் பச்சையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது மரம் பேணுவோர் வைத்திருக்கும் பொதுவான வரம்பு. மொட்டையடித்த மரம் உயிர் பிழைக்க ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு சிம்புகளை விடும். அவை பட்டைக்கு அடியிலிருந்து கிளம்புபவை. உள்மரத்தோடு ஆழமான பிடிப்பு இல்லாதவை. மரம் மறுபடி அடர்ந்து, காற்றில் முதலில் பிய்ந்து விழுவதும் அவைதான். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. காற்றைத் தாங்கிய சிம்பு 120-ஐத் தாங்கும் என்று நம்ப இடமில்லை. குறைந்த ரேட்டில் வெட்டியதற்கு அடுத்தடுத்த ஆண்டும் ஆள் கூப்பிட வேண்டிவரும்.

மரம் ஏறுபவரின் உயிருக்கும் காப்பு வேண்டும். 18 முதல் 70 வயதுக்குட்பட்ட, வங்கிக் கணக்குள்ள எவரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு பெறலாம். நான்கு பேருக்கு 80 ரூபாய். அந்தத் தொகையைச் சங்கமே கொடுத்துவிடலாம், வெட்டுக்கு வரும் முன் அந்த ரசீதைக் கேட்பது செயலாளரின் வேலை. மின்கம்பி தொட்டுச் செல்லும் கிளையானால் மின்வாரியம் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் ரம்பம் மேலே போகலாம்.

காம்பவுண்டுக்கு வெளியே தெருவில் நிற்கும் மரம் இந்த 64-இல் சேராது. அது மாநகராட்சியுடையது, 1913-க்குச் சொல்ல வேண்டும், நாமே கை வைக்கக் கூடாது.

5. மண் வரி

குடியிருப்பு மரங்கள் பலவற்றுக்கு முதல் எதிரி புயல் இல்லை, பேவர் பிளாக். 2 அடிக்கு 2 அடி ஓட்டை விட்டு, சுற்றிலும் கல் பதித்திருப்பார்கள். பரப்பு 4 சதுர அடி, அதாவது 0.37 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஆக 100 மி.மீ. மழை கொட்டினாலும் அந்த ஓட்டைக்குள் நேராக இறங்குவது 37 லிட்டர், மூன்று வாளிகூட இல்லை. சுற்றிலும் ஒரு மீட்டர் அரைவிட்டத்துக்குக் கல்லைப் பெயர்த்தால் 3.14 சதுர மீட்டர். அதே மழையில் 314 லிட்டர். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டதும் இந்த அளவைத்தான்.

வேரில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடிக்குள்தான் ஓடுகிறது. கேபிளுக்கோ குழாய்க்கோ பள்ளம் தோண்டுபவர் மரத்தை நெருங்கினால் அடிமர விட்டத்தின் 12 மடங்கு தூரம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். 30 செ.மீ. மரத்துக்கு 3.6 மீட்டர். தோண்டி முடித்து ஓரிரு ஆண்டு கழித்துத்தான் மரம் காயத் தொடங்கும். அதற்குள் பள்ளத்தை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

10 மரத்துக்குக் கல் பெயர்க்க, மரத்துக்கு 1,200 வீதம் 12,000 ரூபாய். புதுக் கன்று 3, குழி ஒரு கன மீட்டர், ஊன்றுகோலோடு கன்றுக்கு 2,500 வீதம் 7,500 ரூபாய். மழை மூன்று மாதம் நீங்கலாக 39 வாரம், வாரம் இருமுறை 20 லிட்டர் என்றால் கன்றுக்கு 1,560 லிட்டர், மூன்றுக்கும் 4,680. 12,000 லிட்டர் லாரியில் பாதிகூட இல்லை. சுத்திகரித்த கழிவுநீர் இருந்தால் அதுவும் மிச்சம். புங்கன், வேம்பு, பூவரசு, மகிழம் என்று மண்ணுக்குப் பழகியதையே வையுங்கள்.

6. கூட்டல்

முதலாண்டு:
எண்ணுதல், எண் தகடு – ₹3,000
சிவப்பு 6-க்கு வல்லுநர் ஆய்வு – ₹12,000
தென்னை ஏற்றம் – ₹16,800
தென்னை உரம் – ₹7,000
கவாத்து, 11 மரம் – ₹54,000
நெட்டிலிங்கம், சிறு மரங்கள் – ₹7,500
காளான் கண்ட பெருங்கொன்றை ஒன்றை அகற்ற – ₹35,000
கல் பெயர்த்தல் – ₹12,000
கன்று 3 – ₹7,500
இலை மட்கத் தொட்டி 2 – ₹8,000
கூட்டல் – ₹1,62,800
எதிர்பாராதது 15 விழுக்காடு – ₹24,420
மொத்தம் – ₹1,87,220

வீட்டுக்கு ஆண்டுக்கு 1,950 ரூபாய், மாதத்துக்கு 163. சங்கத்தின் ஆண்டு வரவில் 4.6 விழுக்காடு.

இரண்டாம் ஆண்டில் தகடு, தொட்டி, கல், அகற்றும் செலவு எதுவும் இல்லை. ஆய்வு, தென்னை, கவாத்து, சிறு மரங்கள், கன்றுப் பராமரிப்பு 3,000 சேர்த்து 1,00,300. எதிர்பாராததோடு 1,15,345 ரூபாய். வீட்டுக்கு மாதம் 100 ரூபாய். கூலி ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏறினாலும் ஐந்தாம் ஆண்டில் 1,45,300. வீட்டுக்கு மாதம் 126.

இதோடு புயல் நிதி என்று வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் தனியே போடுங்கள். ஆண்டுக்கு 57,600, ஐந்தாண்டில் வட்டி இல்லாமலே 2,88,000.

எதிர்ப்பக்கத்தையும் எழுதிவிடுவோம். அந்தப் பெருங்கொன்றையை அகற்றாமல் விட்டு, டிசம்பரில் அது காம்பவுண்டு மேல் விழுகிறது. ஊர் முழுக்க ஆள் தேடும் நேரம். 35,000 ரூபாய் வேலை 70,000 ஆகிறது. இருபது அடிச் சுவர், அடிக்கு 2,500 வீதம் 50,000. மொத்தம் 1,20,000. ஒரே மரம், ஒரே இரவு. இரண்டாம் ஆண்டின் மொத்த பட்ஜெட்டும் அதில் போய்விட்டது. கீழே நின்ற காருக்கு முழுக் காப்பீடு இருந்தால் உரிமையாளர் தப்பினார். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் அந்தச் செலவு அவர் தலையில்.

7. வருமான வரியும் நாள்காட்டியும்

ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஓராண்டில் ஒரே ஒப்பந்ததாரருக்குத் தந்தது ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ சங்கம் வரி பிடித்தம் செய்ய வேண்டும். தனிநபருக்கு 1 விழுக்காடு, நிறுவனத்துக்கு 2. நம் 54,000 ரூபாய் கவாத்து பில்லில் தனிநபர் என்றால் 540 ரூபாய். ஜிஎஸ்டி பற்றிப் பயப்பட வேண்டியதில்லை: சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டுவதோடு வீட்டுக்கு மாதக் கட்டணம் 7,500 ரூபாயையும் தாண்டினால்தான் அது வரும். இங்கே கட்டணம் 3,500; புயல் நிதி சேர்த்தாலும் எட்டாது.

சென்னையில் மர நாள்காட்டி வடகிழக்குப் பருவமழையைச் சுற்றித்தான் ஓடுகிறது. ஜூன்–ஜூலை தென்னைக்கு முதல் உரம். ஆகஸ்டில் எண்ணுதல். செப்டம்பரில் ஆய்வு. அக்டோபர் பாதிக்குள் கவாத்து முடிந்திருக்க வேண்டும். மழையோடு கன்று நடவு. டிசம்பர்–ஜனவரி இரண்டாம் உரம். பிப்ரவரி, மார்ச்சில் வேம்பு இலை கொட்டும். மட்கத் தொட்டி நிறையும். சித்திரைப் பிறப்புக்கு மாடியிலிருந்தே வேப்பம்பூ பறிக்க வேண்டும் என்றால் அந்தக் கிளையை அக்டோபரில் விட்டுவைக்கச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த பொதுக்குழுவுக்கு இந்த நான்கு வரிகளை அப்படியே எழுதிக்கொண்டு போகலாம். எண்களை மட்டும் உங்கள் மரங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

‘இதர செலவிலிருந்து மரச் செலவைப் பிரித்து “மரங்கள்” என்று தனித் தலைப்பு தொடங்கப்படுகிறது. முதலாண்டு ஒதுக்கீடு ₹1,87,220. புயல் நிதி வீட்டுக்கு மாதம் ₹50. ஆய்வு செப்டம்பர் 30-க்குள், கவாத்து அக்டோபர் 15-க்குள்.’

படித்துவிட்டு, எதிர்ப்பவர் உண்டா என்று கேளுங்கள். கை தூக்குபவர் கார் எந்த மரத்தடியில் நிற்கிறது என்று நோட்டின் ஆறாவது கட்டத்தைப் பார்த்து வாசித்துச் சொல்லுங்கள்.